பனிக்குப் போட்ட வேலி

ஜூன் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை எங்களுக்கு மன்னர் பிறந்தநாள் விடுமுறை. மன்னர் அன்று பிறக்கவில்லை. ஜூன் எங்கள் பக்கத்தில் குளிர்காலம்; அதற்கு முந்தைய சனிக்கிழமை மவுண்ட் குல்லனில் பனிப் பருவம் தொடங்குகிறது. அன்று பெரும்பாலும் பனியும் இருப்பதில்லை. இந்த இரண்டையும் கொண்டாடுவதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் நான் எதற்கும் சங்கடப்படுகிறவள், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

என் பெயர் பிரையனி. மலையடிவாரத்து டிம்லர் க்ரீக்கில் மாட்டுத்தீவனக் கடையில் வேலை. ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தேர்தலன்று கையில் பேனா வைத்திருந்தது என் தவறு.

1957-இல் மலைக்குச் சாலை போட எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தின் நடுவே வழிவிட்டார்கள். பதிலுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பருவம் தொடங்கும் நாளில், நண்பகலுக்கு முன், ஊர்க்காரர் ஒருவர் மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டில் ஏறி, சறுக்குக் கட்டைகள் இரண்டும் காலில் இருக்க, உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்க வேண்டும். சங்கச் செயலாளர் அடிவாரத்தில் நின்று நேரம் குறிக்க வேண்டும். அது ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறவரை ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை மதியங்களில் லிஃப்ட் இலவசம். மலைக்காரர்கள் சாக்குச் சொல்லாமல் நேரத்துக்குத் திறக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட நிபந்தனை அது.

இப்போது பள்ளிக்கூடத்தில் பதினான்கு பிள்ளைகள். பன்னிரண்டு பேர் அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு எந்த வழியிலும் பனியில் கால் வைக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள். சீட்டு விற்கிற விலை அப்படி.

பழைய மேலாளர் காலத்தில் பனி இல்லாத வருடங்களில் அவர் வானத்தைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், “நடந்ததா வெச்சுக்குவோம்” என்று பீர் பாட்டிலைத் திறப்பார். சென்ற ஆண்டு மலையைப் புதிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. மே மாதக் கடைசியில் எனக்குக் கடிதம் வந்தது.

“உங்கள் பாரம்பரியத்தை நாங்கள் ஆழமாக மதிக்கிறோம். ஆகவே அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் நடைமுறைப்படுத்த முடிவு செய்துள்ளோம். இவ்வாண்டு நண்பகலுக்குள் இறக்கம் நிகழாவிடில், வெள்ளிக்கிழமைச் சலுகையை நீங்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகக் கருதி, முன்கூட்டியே நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். ஃப்ரேசர் விட்காம், தலைவர், விருந்தினர் மகிழ்ச்சித் துறை.”

மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறை அது நல்ல செய்தி என்றே நினைத்தேன்.

அவசரக் கூட்டம் போட்டோம். இறங்கப்போவது யார் என்ற கேள்வி வந்தபோது பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். மெர்வ் டகெட் மட்டும் நாயைப் பார்க்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது ஏகமனதாகத் தேர்வாகியிருந்தார். மெர்வுக்கு அறுபத்தொன்று. பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். இடது முழங்கால் சொன்னபடி கேட்காது. சறுக்குக் கட்டைகளில் ஒன்று கொட்டகையில் இருந்தது. இன்னொன்று கன்றுக்குட்டிப் பட்டியின் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் பதினோரு வருடமாக உழைத்துக்கொண்டிருந்தது.

“கன்னுக்குட்டி வெளிய ஓடிச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று மட்டும் கேட்டார். சங்கம் பொறுப்பு என்று குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நிறுவனத்தின் பனி அறிக்கை கைபேசியில் வந்தது. இயற்கைப் பனி: முப்பது சென்டிமீட்டர். தரை: மென்மை. மலையின் மனநிலை: உற்சாகம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலை உச்சி வரை பச்சையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பச்சை இன்னும் தெளிவானது.

எட்டே முக்காலுக்கு மெர்வின் வண்டியில் கிளம்பினோம். பாதி வழியில் சோதனைச் சாவடி. பருவம் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு வண்டியிலும் பனிச் சங்கிலி இருந்தாக வேண்டும், சக்கரம் வழுக்காமல் இருக்க. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் போன வண்டி கிளப்பிய புழுதியில் காவலரே சரியாகத் தெரியவில்லை. கனத்த பனிக்கோட்டில் வியர்த்து ஒழுகியபடி வந்து, சங்கிலியை எடுத்துக் காட்டச் சொன்னார். மெர்வ் காட்டினார்.

“இத மாட்டத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். எங்க மாட்டணும்னுதான் தெரியல.”

“பனியிலதான்.”

“சரி. பார்த்தா சொல்லுங்க, நிறுத்தறேன்.”

காவலர் சிரிக்கவில்லை. மெல்பர்னிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு மேலே வருகிறவர்கள் யாரும் இன்னும் சிரிக்கவில்லை என்றார்.

சீட்டு அலுவலகத்தில் வரிசை. எங்கள் முறை வந்தபோது ஒன்பது ஐம்பது. கணினியின் முன் இருந்த பெண் மெர்வைப் பார்த்து, அவர் விருந்தினரா, ஊழியரா, பங்காளரா என்று கேட்டாள். மூன்றில் ஒன்றாக இல்லாதவர் மலையில் நிற்க முடியாதாம்.

“பக்கத்து வீட்டுக்காரன்” என்றார் மெர்வ்.

அவள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். அப்படி ஒரு பிரிவு இல்லை. ‘அண்டை’ என்று தட்டினால் கணினி கங்காரு, வாம்பட் என்று பட்டியல் கொடுத்தது. கடைசியில் அவரை விருந்தினராகப் பதிந்தாள். முன்பு சீட்டு வாங்கிய பதிவு இல்லாததால் கணினி அவரை ‘முதன்முறை வருபவர்’ ஆக்கியது. முதன்முறை வருபவர்கள் தொடக்கப் பாடம் முடிக்காமல் லிஃப்டில் ஏறக்கூடாது. தொடக்கப் பாடம் பிற்பகல் ஒன்றரைக்கு.

நண்பகல் என்றால் பன்னிரண்டுதானே என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டுதான்.

“இவரு இந்த மலையில பொறந்த காலத்துலேர்ந்து இருக்காரு” என்றேன்.

“அது பதிவுல இல்லைங்க. நான் நம்பறேன். கணினிதான் நம்பாது.” அவள் உதடு கடித்து யோசித்தாள். “வேற ஒரு வழி இருக்கு. விருந்தினர் முன்னால நிகழ்ச்சி நடத்தறவங்களுக்குப் பாடம் தேவையில்ல. பொம்மை வேஷம் போடறவர், பேண்டு வாத்தியம், அந்த மாதிரி.”

ஆக, மெர்வ் டகெட் ‘பாரம்பரியக் கேளிக்கை (தனிநபர்)’ என்று பதிவானார். கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். அட்டையில் அவருடைய தங்கும் இடம் ‘மேடை’ என்று இருந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டே அதை வாசித்தவர், வீட்டில் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை.

பத்தரைக்கு வெளியே வந்தபோதுதான் பனியைப் பார்த்தோம்.

லிஃப்ட் அடியில் நாற்பது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. ஒரு வாரமாக இரவெல்லாம் இயந்திரத்தால் பீய்ச்சியடித்துச் சேர்த்தது. அதைச் சுற்றி இடுப்புயர வேலி. வேலிக்குள் நட்ட நடுவில் பனி அளக்கும் கம்பம் நின்றது, முப்பதைக் காட்டியது. முன்பு கம்பம் உச்சியில் இருந்தது. வேலியில் பலகை: ‘பனிப் பாதுகாப்பு வளையம். சறுக்காதீர். மிதிக்காதீர். மூச்சுவிடும்போது திரும்பி நின்று விடவும்.’

வேலியைச் சுற்றி வரிசை வளைந்து போயிற்று. பனியைப் பார்ப்பதற்கான வரிசை. ஆளுக்கு நாற்பது விநாடி. பருவச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அறுபது.

எங்களுக்கு முன்னால் நின்ற உயரமான மனிதர் மனைவி, இரண்டு மகள்களோடு முழுப் பனி உடையில் இருந்தார். பெயர் டாரன் என்றும், பருவச் சீட்டுக்காரர் என்றும், தன் அறுபது விநாடியைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். எங்கள் பின்னால் சாஸேஜ் சுடுகிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பனி உருகும் என்று அதை இரண்டு முறை தள்ளி வைத்தார்கள்.

லிஃப்ட் பொறுப்பில் இருந்தவள் லூசியானா. அர்ஜென்டினாவின் மலை ஊர் ஒன்றிலிருந்து பருவ வேலைக்கு வந்தவள். அவள் சிறுவயதில் வீட்டு வாசலைத் திறக்கப் பனியை வெட்டித் தள்ள வேண்டியிருக்குமாம். இங்கே வந்து பதினைந்து நாளாக லிஃப்டின் ஆளில்லா நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். மெர்வை எப்போது ஏற்றுவாய் என்று கேட்டேன். திறப்பு விழா நாடா வெட்டிய பிறகுதான் உத்தரவு என்றாள். நாடா வெட்டுவது எப்போது என்றதற்குக் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

மெர்வ் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு டப்பா எடுத்தார். பசுவின் மடியில் வெடிப்பு வந்தால் தடவுகிற களிம்பு. அதைக் கட்டைகளின் அடியில் வழித்துப் பூசினார்.

“புல்லுல போகுமா மெர்வ்?”

“காலையில பனித்துளி விழுந்த புல்லு இது. மாடே வழுக்கி விழும். நான் மாட்டவிட மோசமா?”

நாடா பதினொன்று முப்பத்தெட்டுக்கு வெட்டப்பட்டது. நாற்பத்தொன்றுக்கு லூசியானா மெர்வை ஏற்றினாள். நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, கட்டைகள் இரண்டும் தொங்க, ‘பாரம்பரியக் கேளிக்கை’ அட்டை காற்றில் ஆட, அவர் பச்சைச் சரிவின்மேல் உயர்ந்து போனார். உச்சிக்கு ஆறு நிமிடம். இறங்க நாலு. எனக்கு மூச்சு கொஞ்சம் சீரானது.

நாற்பத்துநாலுக்கு லிஃப்ட் நின்றது.

ஃப்ரேசர் விட்காம் மேடை ஏறியிருந்தார். அழகான மனிதர். எல்லோரும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பார். யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. கோட்டுக் காலரில் சின்ன ஒலிவாங்கி. லிஃப்ட் இரைச்சல் அதில் விழுகிறது என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டிருந்தார். மெர்வ் சரிவின் நடுவில், இருபதடி உயரத்தில், இரண்டு கங்காருகளுக்கு மேலே தொங்கினார். கங்காருகள் அண்ணாந்து பார்த்தன.

“நண்பர்களே,” என்று ஃப்ரேசர் தொடங்கினார், “சிலர் என்கிட்ட கேக்கறாங்க, பனியச் சுத்தி எதுக்கு வேலின்னு. நல்ல கேள்வி. நாங்க ஆராய்ச்சி பண்ணினோம். பனி சேதமாகறதுக்கு முதல் காரணம் வெயில் இல்ல. மழை இல்ல. சறுக்கறவங்க. ஒரு தடவ சறுக்கினா பனி திரும்ப அதே பனியா இருக்கறதில்ல. சறுக்கறவங்க மேல எங்களுக்கு அவ்வளவு அன்பு. அதனாலதான் அவங்களுக்காக இந்தப் பனிய அவங்ககிட்டேர்ந்து காப்பாத்தறோம்.”

நாற்பத்தைந்து.

“முன்னாடி மலையில லிஃப்ட் இருந்துச்சு, பனி இருந்துச்சு. ஆனா அனுபவம் இருந்துச்சா? இன்னிக்குப் பனி இல்லாமலே அனுபவம் குடுக்க முடியுது. அதாவது, பனிய மட்டும் நம்பி இல்லாம. அடுத்து, ஊர் மக்கள். அவங்க இல்லாம இந்த மலை இல்ல. அவங்ககூட நாங்க தொடர்ந்து உரையாடறோம். இந்த வருஷம் பதினொரு கடிதம் எழுதியிருக்கோம். ஒரு பதில்கூட வரல. அந்த அளவுக்கு எங்கமேல நம்பிக்கை.”

பதினொரு கடிதத்துக்கும் பதில் எழுதினேன். நகல் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம், அனுப்பினேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நாற்பத்தெட்டு. லூசியானாவிடம் ஓடினேன். லிஃப்டை ஓட்டு என்று கெஞ்சினேன். சத்தம் கேட்டால் வேலை போகும் என்றாள். மேடையைப் பார்த்தாள், மேலே தொங்குகிற மெர்வைப் பார்த்தாள், என் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கைதட்டு” என்றாள்.

“என்னது?”

“கைதட்டுற சத்தத்துல இது கேக்காது. நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.”

பள்ளிக்கூட நாடகத்தில்கூட நான் திரைக்குப் பின்னால் நின்றவள். மேடை முன் கூடியிருந்த நானூறு பேர் நடுவில் தனியாகக் கைதட்ட ஆரம்பித்தேன். ஃப்ரேசர் அப்போது வண்டி நிறுத்துமிடத்தின் புதிய கோடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். டாரன் திரும்பி என்னை விநோதமாகப் பார்த்தார். நான் தாடையால் மலையைக் காட்டினேன். அவர் பார்த்தார். ஒரு மனிதன் நாற்காலியில் தொங்குவதையும் அது மெல்ல நகர்வதையும் பார்த்தார். பிறகு தன் பெரிய கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். அவர் மகள்கள் தட்டினார்கள். வரிசை தட்டியது. சாஸேஜ்காரர் இடுக்கியால் அடுப்பில் தட்டினார்.

ஃப்ரேசர் பேச்சை நிறுத்தினார். கண்கள் பனித்தன. வண்டி நிறுத்துமிடத்துக்கு இத்தனை வரவேற்பை அவர் எதிர்பார்க்கவில்லை. கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். நாங்கள் நிறுத்தவில்லை. மறுபடி குனிந்தார். மூன்று நிமிடம் தட்டினோம். என் உள்ளங்கை எரிந்தது. ஐம்பத்துமூன்றுக்கு மெர்வ் உச்சியில் இறங்கினார். எல்லோரும் ஒரே நேரத்தில் கையைக் கீழே போட்டார்கள்.

அவர் இறங்கியதை அழகு என்று சொல்ல மாட்டேன். முதல் வளைவில் விழுந்தார். எழுந்தார். நடுச்சரிவில் புல் உண்மையாகவே வழுக்கியது. யாரும், அவர் உட்பட, எதிர்பார்க்காத வேகத்தில் வந்தார். கங்காருகள் விலகி வழிவிட்டன. ஒரு புதரைச் சுற்றாமல் அதன் ஊடாகவே வந்தார். இரண்டாம் முறை விழுந்தபோது எழ நேரமாயிற்று. முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஐம்பத்தேழு. எழுந்தார். கட்டைகள் இரண்டும் காலில்தான் இருந்தன. கடைசிச் சரிவில் நேரே வெள்ளைத் திட்டை நோக்கி வந்தவர், பலகையைப் படித்தாரோ என்னவோ, உடம்பு முழுவதையும் சாய்த்து, மலையில் இருந்த ஒரே பனியைச் சுற்றிக்கொண்டு வந்து, சேற்றில் என் காலடியில் நின்றார்.

பதினொன்று ஐம்பத்தொன்பது. குறித்தேன். அவசரத்தில் ஒன்பது ஏழு போல விழுந்தது. அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டேன்.

கூட்டம் ஆரவாரித்தது. ஃப்ரேசர் மேடையிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது, எடுத்து வைக்க நேரமில்லாதது போல.

“ரொம்ப அருமையான முயற்சி. ஆனா இது செல்லாது. பனிச்சறுக்குன்னா பனியில சறுக்கணும். இந்த மலையில எங்க இருக்கு பனி? ஒரு பொட்டு இல்ல, எல்லாம் புல்லு.”

காலரில் இருந்த ஒலிவாங்கியை அவர் மறந்திருந்தார். எட்டு ஒலிபெருக்கிகளும் மறக்கவில்லை. ‘எல்லாம் புல்லு’ என்பது எதிர் மலையில் பட்டு இன்னொரு முறை வந்தது.

டாரன் கைபேசியை எடுத்தார். “காலையில முப்பது சென்டிமீட்டர்னு அனுப்பினீங்களே” என்று சாதாரணமாகக் கேட்டார். “பனி இல்லன்னா பருவம் தொடங்கல. தொடங்கலன்னா சீட்ட நான் திருப்பிக் குடுக்கலாம், இல்லையா?”

அவருக்குப் பின்னால் ஏழெட்டுக் கைகள் சட்டைப் பைக்குள் போயின.

நான் சாமர்த்தியமாக எதுவும் செய்யவில்லை. பிறகு ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், அது தவறு. சங்கத்தின் படிவத்தில் ‘பனியின் ஆழம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் விட எனக்கு மனம் வராது.

“ஃப்ரேசர், பனி இல்லன்னு எழுதட்டுமா, முப்பதுன்னு எழுதட்டுமா?” என்று கேட்டேன். “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க கையெழுத்துப் போடணும், அதனால கேக்கறேன்.”

அவர் படிவத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியைக் கையால் மூடினார்; இப்போது அதனால் பயனில்லை. மெர்வ் இதற்குள் ஒரு கட்டையைக் கழற்றி அடியில் ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“முப்பது” என்றார் ஃப்ரேசர்.

“மென்மையா?”

“மென்மை.”

“அப்ப இறங்கினது செல்லும்.”

அவர் கையெழுத்திட்டார். பேனா என்னுடையது.

“நல்ல பனி” என்றார் மெர்வ், அவரைப் பார்த்துத் தலையாட்டி. “பச்சையா இருந்தாலும் நல்லா ஓடுது.”

அடுத்த வெள்ளிக்கிழமையும் பனி இல்லை. திட்டும் உருகி, வேலி மட்டும் நின்றது. பள்ளிக்கூடப் பேருந்து ஒன்றரைக்கு வந்தது. பதினான்கு பிள்ளைகளும் இரவல் உடைகளில், கழுத்துவரை பொத்தான் போட்டு இறங்கினார்கள். லிஃப்டை ஓட்டாமல் இருக்க நிறுவனத்துக்கு வழி இல்லை: அவர்கள் கணக்கில் மலையில் முப்பது சென்டிமீட்டர் இருந்தது. அதனால் லூசியானா அவர்களை ஏற்றினாள். இரண்டிரண்டு பேராக உச்சிக்குப் போய், இறங்காமல், அப்படியே சுற்றி வந்தார்கள். நாலு மணி வரை. மெர்வ் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்காலி வரும்போதும் கையசைத்தார்.

இறங்கும்போது விருந்தினர் மகிழ்ச்சித் துறையின் அட்டையை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். நிரப்பாமல் வெளியே விடக்கூடாது என்று உத்தரவாம். ஏழு வயது டில்லி, ‘இன்றைய பனி உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்பதை என்னைப் படித்துக்காட்டச் சொன்னாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் எழுதினாள். எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னாள். பிழை இல்லை.

‘இன்னும் வரல. நாங்க அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து பாக்கறோம்.’